வரிசையில் பின்னால் போன காடு

அலுவலகத்தில் அவளுக்கு அட்டவணை அம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. அரசாங்கக் காடு ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாண்மைத் திட்டம் உண்டு. எந்தச் சரிவில் எந்த வருஷம் மரம் வெட்டலாம், எங்கே நட வேண்டும், எந்த ஓடையோரம் கை வைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். திட்டம் பழசாகிவிட்டால் காட்டை மறுபடி அளந்து, சுற்றியிருக்கும் ஜனங்களைக் கூட்டிக் கேட்டு, புதிதாக எழுத வேண்டும். காடுகளோ ஏராளம், அளக்கப் போகும் குழுவோ ஒன்றே ஒன்று. எந்தக் காடு முன்னால், எது பின்னால் என்று வரிசை போடுவதுதான் அவள் வேலை. கேட்பதற்குச் சாதுவான வேலை. உண்மையில் அது ஒரே போர்வைக்குள் நாலு பேரைப் படுக்க வைக்கிற வேலை. ஒருவர் பக்கம் இழுத்துவிட்டால் இன்னொருவர் குளிரில் திட்டுவார்.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தன் மச்சான் தோட்டத்தை ஒட்டியிருந்த காட்டை வரிசையில் முன்னால் இழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர். அவரை வேறு ஊருக்குத் தூக்கியடித்து வருஷங்கள் ஆகியும் அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரிப்பது ஓயவில்லை. இவள் வேலையில் சேர்ந்த அன்றே, பக்கத்து மேஜையில் வரைபடம் போடுகிறவர் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, "உங்களுக்கு மச்சான் யாரும் இல்லையே?" என்று கேட்டார். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மட்டும் அவள் மறக்கவில்லை.

அன்றிலிருந்து பிடித்த பிடிதான். யார் சிபாரிசோடு வந்தாலும், "வரிசைன்னா வரிசைங்க, நான் என்ன செய்ய" என்பாள். கொஞ்சினாலும் அதுதான், குரலை உயர்த்தினாலும் அதுதான். வீட்டில் குளியலறைக்குக்கூட முறை போட்டு வைத்திருக்கிறாள் என்று அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நேர்மையானவள் என்று பேர் வாங்கினாள். பேர் வாங்குவது கஷ்டம், வாங்கிய பேரைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய கஷ்டம். அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அவளுக்குக் கூடப் பிறந்தவள் ஒரே ஒரு தங்கை. கல்யாணமாகி மேற்குச் சரிவுக் காட்டுக்கு அடியில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக் கொல்லைச் சுவரும் காட்டின் எல்லைக் கல்லும் ஒட்டினாற்போல நிற்கும். அந்தக் காட்டின் திட்டம் காலாவதியாகி, திருத்த வேண்டிய முறை வந்தது. அதே சமயத்தில் ஆற்றங்கரைக் காட்டுக்கும் முறை வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் முதலில் எடுக்க முடியும்.

இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை என்பதுதான் கொடுமை. போன மழைக்கு மேற்குச் சரிவில் வெடிப்பு விட்டிருக்கிறது, புதுசு புதுசாக இடங்களில் நீர் கசிகிறது என்று வனக்காவலர் எழுதி அனுப்பியிருந்தார். பழைய திட்டமோ அந்த மரங்கள் கன்றாக இருந்தபோது எழுதியது. 'வளர்ந்ததும் மொத்தமாக வெட்டலாம்' என்று அதில் போட்டிருந்தது, வெட்டுக்குரிய பருவமும் நெருங்கிவிட்டது. புதுத் திட்டம் வரும்வரை பழைய திட்டம்தான் சட்டம். ஆகவே மேற்குச் சரிவுதான் முதலில் வர வேண்டும். தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவள் அதை முதலில்தான் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். வரைபடக்காரர் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார், அவளைப் பற்றிக்கூட அல்ல. அவள் காதில் மட்டும், 'உங்களுக்குத் தங்கச்சி இருக்காமே?' என்று விழுந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறுபடி பேனாவைத் திறந்து ஆற்றங்கரையை மேலே ஏற்றினாள். மேற்குச் சரிவுக்கு நேராக, 'மேலும் ஆய்வு தேவை, அடுத்த சுற்றில் பார்க்கலாம்' என்று எழுதினாள். அப்படி எழுதியபோது மனசு லேசானதை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டாள். பிரிவு அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "நீங்க போட்டா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார்.

தங்கை ஒரு நாள் காலையில் போன் செய்தாள்.

"அக்கா, மேல ரம்பம் ஓடுது. மரம் வெட்டுற குத்தகைக்காரர் ஆள் இறக்கிட்டாரு. அந்த மரம்தானே மண்ணைப் புடிச்சுக்கிட்டு இருக்கு? உங்க ஆபீஸ்லதானே இதெல்லாம் முடிவு பண்றீங்க?"

"பழைய திட்டப்படி வெட்டுறாங்கடி."

"பழசுன்னா புதுசு எப்ப வரும்?"

"பாக்கறேன்" என்றாள். பார்க்கிறேன் என்று அவள் யாரிடமும் சொன்னதே இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் வாய் திறக்கவில்லை. இப்போது போய்க் கேட்டால் தங்கைக்காகத்தான் என்று ஆகிவிடும், குத்தகைக்காரர் சண்டைக்கு வருவார், இதையெல்லாம் எண்ணி எண்ணி சாப்பாடு இறங்கவில்லை. ரம்பம் அங்கே எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அதிகாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை வீடு, காவலர் அறிக்கை, பேனாவை மூடித் திறந்தது எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, சொந்தக்காரங்க இருக்காங்கன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஒரு காட்டை மட்டும் வேற ஆள்கிட்ட குடுத்திருப்பேனே! அவ்வளவுதானே விஷயம்?"

அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷத்தில் அந்த வழி அவள் புத்தியில் படவே இல்லை. முன்னால் இழுத்தவரைப் போல் ஆகிவிடக் கூடாது என்று பயந்து பயந்து, பின்னால் தள்ளுவதும் அதே தப்புத்தான் என்பதை மறந்திருந்தாள். அதிகாரி அன்று மதியமே வெட்டை நிறுத்த உத்தரவு போட்டார். ஆனால் அதற்குள் பாதிச் சரிவு மொட்டையாகியிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

மழை அந்த வாரமே வந்தது, பெரிய மழைகூட இல்லை. வெட்டிய பக்கத்து மண் மெதுவாக நகர்ந்து வந்து தங்கை வீட்டுக் கொல்லைச் சுவரைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் நின்றது. எல்லோரும் முன்னறையில் இருந்ததால் உயிர் தப்பினார்கள். வீடு மட்டும் இனி குடியிருக்க லாயக்கில்லை என்றாகிவிட்டது. தங்கையும் அவள் கணவரும் குழந்தைகளும் இரண்டு பைகளோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

எதற்குப் பயந்தாளோ அந்தப் பேச்சும் கூடவே வந்தது. குத்தகைக்காரர் அலுவலக வாசலில் நின்று, "தங்கச்சி வீடுன்னதும் ஒரே நாள்ல வெட்டை நிறுத்துறாங்கய்யா" என்று ஊருக்கே கேட்கச் சத்தம் போட்டார். வரைபடக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை, தலையைக் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். அது அவளுக்கு இன்னும் வலித்தது. அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்த கடைசி வாரம் அதுதான். தானாகவே வேறு பிரிவு கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

காட்டைப் பின்னால் தள்ளியது தான்தான் என்று தங்கையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதிகாரிக்கு மட்டும்தான் தெரியும், அவர் சொல்ல மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் உட்கார்ந்து, மண்ணிலிருந்து மீட்ட துணிகளைத் துவைத்து உலர்த்தி மடித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை அலசியும் குழந்தை சட்டைகளில் செம்மண் கறை போகவில்லை. அந்தக் கறையைத் தங்கை நகத்தால் சுரண்டுவதைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை. கொட்டிவிட்டாள்.

தங்கை கத்தவில்லை. மடித்த சட்டையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்த வீட்டுல வேற யாராவது இருந்திருந்தா? உனக்கு முன்ன பின்ன தெரியாத யாராவது?"

அட்டவணை அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் காட்டைத்தான் முதல்ல போட்டிருப்பேன்" என்றாள்.

தங்கை தலையாட்டினாள். துணிகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய், அந்த வீட்டிலேயே இன்னொரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.