தலைகளின் எண்ணிக்கை

சென்ற மாதம் எங்கள் முதியோர் குழு மெல்பேணுக்கு வெளியே, கடலோரத்திலுள்ள பழைய முகாமொன்றைப் பார்க்கப் போனது. அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவர்களை, நோயில்லை என்று தெரியும்வரை அடைத்துவைத்த இடம். வான் ஓட்டிய சிவா, அகதியாகப் படகில் வந்து இன்னும் நிரந்தர விசா கிடைக்காதவர். எங்களை ஏற்ற நாற்பது நிமிடம் பிந்தி வந்தாரென்று வழியெல்லாம் அவரை அரித்தேன்.

"இஞ்ச எவ்வளவு நாள் வைச்சிருந்தவங்கள், அங்கிள்?" என்று அவர் கேட்டார்.

"நாப்பது நாள் மட்டில, தம்பி. பாவங்கள்."

சிவா சிரித்தார். "எனக்குப் பதின்மூண்டு வருசம். நான் ஊரில இருந்து வெளிக்கிட்டாப் பிறகு பிறந்த மகளை இன்னும் தொட்டுப் பாக்கேல்லை."

"கெதியா விசா வரும்."

"போன முறையும் இதைத்தான் சொன்னனீங்கள், அங்கிள்."

திரும்பும்போது வழக்கம்போல வானில் தலைகளை எண்ணினேன். எல்லோரும் இருந்தோம். இத்தனை பயணங்களில் ஒருமுறைகூட சிவாவை நான் எண்ணியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று அவரையும் சேர்த்து எண்ணினேன். அதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.