செக்கர் சூசை போட்ட சிவப்புக் கோடு

பிஸ்கட் டின்

கண்டக்டர் வேலையில் சேர்ந்த முதல் நாள், டிக்கெட் கட்டைக் கொடுப்பதற்கு முன்பே என் கையில் ஒரு காலி பிஸ்கட் டின்னைக் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "போகப் போகத் தெரியும் தங்கச்சி" என்றார் டிரைவர் முத்தையா அண்ணன்.

சுங்கை பட்டாணி டவுனைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நாலாவது சீட்டுக்கு மேலே கூரை ஒழுகியது. டின்னை அங்கே பிடிக்க வேண்டும், நிறைந்ததும் வாசல் வழியே ஊற்ற வேண்டும், நடுவில் டிக்கெட்டும் கிழிக்க வேண்டும். கம்பெனியின் மழைக்கால ஏற்பாடு முழுவதும் அந்த டின்தான்.

எழுபதுகளில் எங்கள் மலாய் நாட்டுக் கெடா மாநிலத்தில் ஓடிய பஸ்களை இப்போது ஏசியில் போகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஜன்னலில் கண்ணாடி கிடையாது. சுருட்டிக் கட்டிய கேன்வாஸ்தான். அதை இறக்கிவிட்டால் உள்ளே இருட்டும் கருவாட்டு வாடையும். ஏற்றிவிட்டால் மழை நேராக மடியில் வந்து உட்காரும். "இறக்கு" என்று பாதிப் பேர் கத்துவார்கள், "ஏத்து" என்று மீதிப் பேர். இரண்டு பக்கத் திட்டும் எனக்குத்தான். பொம்பளை கண்டக்டர் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே கிடைத்தது.

ஆபீசில் போய்ச் சொன்னேன். மேனேஜர் அறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். ஏதோ குளிர் தேசம், பனி மூடிய ரோடு, நடுவில் ஒரு சிவப்பு பஸ். அதைக் காட்டினார். "பாரு, பனியிலயே பஸ் ஓடுது. உங்களுக்கு மழையில ஓட்ட முடியலயா?" படத்தில் இருந்த பஸ்ஸுக்குக் கண்ணாடி இருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேலைக்குப் புதிது என்பதால் வாயை மூடிக்கொண்டு டின்னோடு திரும்பினேன்.

உட்கார்ந்தபடி போட்ட கோடு

எங்கள் செக்கர் பெயர் சூசை. செக்கர் என்றால் வழியில் திடீரென்று ஏறி, பயணிகளிடம் டிக்கெட் இருக்கிறதா, கண்டக்டர் ஒழுங்காக நடக்கிறாளா என்று பார்க்கிற ஆள். மழை பெய்யும் நாளில் அவரைப் பஸ்ஸில் பார்த்தவர்கள் யாருமில்லை. மழை விட்ட மறுநாள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து, "நேத்து ஏன் லேட்டு?" என்பார்.

கோலா கெத்தில் என்கிற ஊருக்குப் போகும் வழியில் ஒன்பதாங்கட்டைப் பாலம் இருந்தது. கட்டை என்றால் எங்கள் ஊரில் மைல். பாலத்தை ஒட்டி ரோடு பள்ளமாக இறங்கும். அடைமழை வந்தால் தண்ணீர் தேங்கிவிடும். எவ்வளவு தண்ணீர் வரை பஸ் போகலாம் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று ஆபீசில் முடிவு செய்து, சூசையை அனுப்பினார்கள்.

அவர் நல்ல வெயில் காலத்தில் போனார். நின்று வேலை செய்தால் வெயில் படும், குனிந்தால் இடுப்பு பிடிக்கும். ஆகவே பள்ளத்தின் ஓரத்தில், மர நிழலில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துக் கம்பத்தில் கையைத் தூக்காமலே எட்டிய இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தார். கோடு முழுகினால் பஸ் திரும்பிவிட வேண்டும். அதுதான் சட்டம். தவளை ஒண்ணுக்குப் போனால் முழுகிவிடும் கோடு அது.

முத்தையா அண்ணன் ஒரே ஒரு தடவை அதை மீறினார். ரப்பர் தோட்டத்திலிருந்து ஏறிய ஒரு பெண்ணுக்குப் பஸ்ஸிலேயே வலி எடுத்துவிட்டது. கோடு முழுகியிருந்தது. அண்ணன் ஒரு நிமிஷம் தண்ணீரைப் பார்த்தார். "தேங்கின தண்ணிதான், இழுக்காது" என்று பொறுமையாக ஓட்டி அக்கரை சேர்த்தார். குழந்தை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. சூசை எழுதிப் போட்டதில் அண்ணனுக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத லீவு. இன்னொரு தடவை மீறினால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

எனக்கும் ஒரு பூசை நடந்தது. லீவில் இருந்த எங்கள் மெக்கானிக், கம்பெனி பாஸைக் காட்டி டிக்கெட் வாங்காமல் வந்துகொண்டிருந்தார். சூசை ஏறிப் பிடித்துவிட்டார். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "லீவுல இருக்கறவன் கம்பெனி ஆளு இல்ல, ரோசம்மா. அவனும் பிரயாணிதான். பாஸ் செல்லாது. டிக்கெட்ட கிழி!" அந்தச் சொற்களை நான் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று நினைக்கவுமில்லை.

மாப்பிள்ளை வந்த பஸ்

சூசைக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. சுங்கை பட்டாணிக் கோயிலில் எங்களோடு பாட்டுக் குழுவில் பாடுகிறவள். கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புகைக்கூடத்தில் வேலை செய்யும் அந்தோணியை அவளுக்குப் பிடித்திருந்தது. சூசைக்குத் தோட்டத்து ஆட்கள் என்றால் இளக்காரம். கல்யாணத்தை இரண்டு தடவை தள்ளிப் போட்டார். ஃபாதர் கூப்பிட்டுப் பேசியதும் வேறு வழியில்லாமல் நாள் குறித்தார். "இந்தத் தடவ ஏதாச்சும் கோளாறு பண்ணாங்கன்னா, அதோட சரி" என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தார்.

குறித்த நாள் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் திருவருகைக் காலம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் முடியும் வரை எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்ததும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நாளைக்கு மட்டும் மழை வராம இருக்கணும்லா. அப்பா ஒரு சாக்குக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு."

ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது.

விடியற்காலை நாங்கள் போகும்போது தண்ணீர் இன்னும் பள்ளத்துக்கு வந்து சேரவில்லை, கோடு தெரிந்தது. கோலா கெத்திலிலிருந்து திரும்பும்போது, தோட்டத்து முச்சந்தியில் ஒரு கூட்டம் கையைக் காட்டியது. அவர்கள் வந்த வேன் செம்மண் சாலையில் புதைந்துவிட்டதாம். முதலில் ஏறியவன் கோட்டுப் போட்ட அந்தோணி. கால்சட்டையில் முழங்கால் வரை சேறு. பின்னாலேயே அவன் அம்மா தாலிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். அப்புறம் சித்தப்பா, அத்தை, அக்கம்பக்கம் என்று பஸ் நிறைந்தது.

ஒன்பதாங்கட்டைக்கு வந்தோம். மழை விட்டிருந்தது. ஆனால் சூசையின் கோட்டைக் காணவில்லை. முத்தையா அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"போகலாம்ணே, தண்ணி கொஞ்சம்தான்" என்றான் அந்தோணி.

"கொஞ்சம்தான் தம்பி. ஆனா கோடு முங்கிருச்சு. எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு."

பாலத்துக்கு வந்தால் பஸ்ஸில் இருக்கிற எல்லாருமே என்ஜினியர். கூடை நிறைய ரம்புத்தான் பழம் வைத்திருந்த மலாய்க்கார அம்மா, எங்கள் பேச்சில் மக்சிக், "போலே லா! ஆயேர் சிக்கிட் சஜா" என்று மலாயில் தன் சான்றிதழைக் கொடுத்தார்: போகலாம், தண்ணீர் கொஞ்சம்தானாம். சித்தப்பா ஒரு குச்சியை எறிந்து பார்த்தார். அதற்குள் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்களைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டார். அவரைக் கூப்பிட்டு, கோயிலில் விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். அவர் அந்தோணியைப் பின்னால் ஏற்றிக்கொள்ளவும் தயாராக இருந்தார்.

அந்தோணி தலையை ஆட்டிவிட்டான். "நான் மட்டும் போயி நின்னா, தோட்டத்து ஆளுங்க வேணாம், மாப்பிள்ளை மட்டும் போதும்னு ஆயிரும்க்கா. போனா எல்லாரும் சேந்துதான் போவோம்."

சூசைக்கு நன்றாக வேண்டும் என்று அதுவரை எனக்குள் ஒரு சிரிப்பு இருந்தது. இதைக் கேட்டதும் அது போய்விட்டது. ஸ்டெல்லா நேற்றுப் பிடித்த கை எனக்கு உறுத்தியது.

பள்ளத்தில் சூசை

ரொம்ப நேரம் கழித்து அக்கரையில் ஒரு கார் வந்து நின்றது. கோட்டும் டையும் குடையுமாகச் சூசை இறங்கினார். மகளிடம் என்ன கேட்டுவிட்டு வந்தாரோ, முகம் சுருங்கிக் கிடந்தது. ஸ்டெல்லா அழவில்லை என்றும், "உங்க கோட்டாலதான் நிக்கிறாங்க, நீங்களே போயி கூட்டிட்டு வாங்க" என்று கோயில் வாசலில் வைத்தே சொன்னாள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

"முத்தையா! ஏன்யா நிக்கற? ஓட்டிட்டு வா!"

"கோடு முங்கிருச்சு சார்!"

"அது கெடக்குது, வாய்யா!"

"அன்னைக்கும் அப்படி நெனச்சுத்தான் சார் வந்தேன்."

சூசை தன் கம்பம் நின்ற பக்கம் பார்த்தார். "ஆழம் எவ்வளவுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

"எனக்குத் தெரியும் சார். உங்க கோட்டுக்குத்தான் தெரியல. நீங்க எறங்கி முன்னால நடங்க, நான் பின்னாலயே வர்றேன்."

எல்லாரும் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள். சூசை சப்பாத்தைக் கழற்றினார். கால்சட்டையைச் சுருட்டினார். மழை இல்லாவிட்டாலும் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். நடுப்பள்ளத்தில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது, அவ்வளவுதான். அவருடைய கம்பத்துக்குப் பக்கத்திலேயே கால் வழுக்கி, அவர் கோடு போட்ட அதே தோரணையில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை நெஞ்சு வரை தண்ணீர். குடை தனியாக நீந்திப் போனது.

மக்சிக் முதலில் சிரித்தார். அப்புறம் பஸ்ஸே சிரித்தது. நானும்தான். சிரிக்காதவன் அந்தோணி ஒருவன். கல்யாணக் கோட்டோடு குதித்து ஓடி அவரைத் தூக்கி நிறுத்தினான். "பாத்து மாமா" என்றான். சூசை அவன் கையை உடனே விடவில்லை. இருவரும் ரோட்டின் இரண்டு ஓரங்களைக் காட்டிக்கொண்டு முன்னால் நடக்க, முத்தையா அண்ணன் மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

அக்கரையில் கார்க்காரர் சீட்டு நனைந்துவிடும் என்று கதவைத் திறக்கவில்லை. சூசை எங்கள் பஸ்ஸில்தான் ஏற வேண்டியிருந்தது. காலியாக இருந்தது நாலாவது சீட்டு மட்டும். உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சுங்கை பட்டாணிக்கு ஒண்ணுதானே சார்?"

"என்கிட்ட பாஸ் இருக்கு, ரோசம்மா."

"இன்னைக்கு நீங்க லீவு சார். லீவுல இருக்கறவங்க பிரயாணிதான்."

அவர் என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு வெள்ளி நோட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அப்போது மறுபடியும் மழை பிடித்தது. கூரை ஒழுகி அவர் உச்சந்தலையில் விழுந்தது. பிஸ்கட் டின்னை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "கொஞ்சம் பிடிங்க சார், எனக்கு டிக்கெட் வேலை இருக்கு." கோயில் வாசல் வரை, பெண்ணைப் பெற்றவர் டின்னைப் பிடித்துக்கொண்டேதான் வந்தார்.

ஃபாதர் காத்திருந்தார். பஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு நானும் பாட்டுக் குழுவோடு போய் நின்றேன். சேற்றுக் கால்சட்டையோடு மாப்பிள்ளையும், சொட்டச் சொட்ட மாமனாரும் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். ஸ்டெல்லா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், பாட்டின் முதல் அடியை நானே தப்பாகப் பாடிவிட்டேன்.

அடுத்த வாரமே அந்தக் கூரையை அடைத்தார்கள். நாங்கள் அத்தனை வருஷம் சொல்லியும் ஒழுகுவது ஆபீசில் யாருக்கும் தெரியாதாம். தண்ணீர் வடிந்ததும் சூசை பெயிண்ட் டின்னோடு போய், மருமகனை ரோட்டில் நிற்க வைத்துப் பார்த்து, கோட்டை உயர்த்திப் போட்டார். முத்தையா அண்ணனின் அந்த ஒரு வாரச் சம்பளத்தை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. அதைப் பற்றிச் சூசை பேசவுமில்லை.

இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகள், ஆபீசில் போடும் சட்டம் சரியில்லை என்று என்னிடம் வந்து குறைப்படுகிறார்கள். மனு எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் சட்டம் போட்டவரை ஒரு மழை நாளில் எப்படியாவது நாலாவது சீட்டில் உட்கார வைக்கப் பாருங்கள். டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறக்காதீர்கள்.