நீலமேகம் வாங்கிய இரண்டு வண்டிகள்

திருவொற்றியூர்க் கடலோரத்தில் ஒரு குப்பம். அங்கே கடலுக்குப் போகாத ஆம்பிளைக்கு மரியாதை கிடையாது. நீலமேகம் போகாதவன் இல்லை, போக முடியாதவன். பன்னிரண்டு வருஷம் படகின் பின்னால் நின்று சுக்கான் துடுப்பு பிடித்த தண்டல் அவன். ஒரு நாள் இரண்டு படகுக்கு நடுவில் இடது முழங்கால் நசுங்கியது. அன்றிலிருந்து அந்தக் கால் அவன் பேச்சைக் கேட்பதில்லை. அவன் விட்ட துடுப்பைப் பிடித்துக்கொண்டவன் அப்பாவு. வேறு யாரோ இல்லை, நீலமேகத்தின் பெண்டாட்டி மலர்க்கொடிக்குக் கூடப்பிறந்த அண்ணன். மலை மாதிரி ஆள், வாய் அதைவிடப் பெரிசு. கரையில் மீன் பிரிக்கும்போது, "மாப்ளே வந்துட்டாரு பாரு, நாலு காரப்பொடி போட்டு அனுப்புடா" என்பான். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நீலமேகமும் கூடச் சிரிப்பான். சிரிக்காவிட்டால் அந்த நாலு பொடிமீனும் கிடைக்காதே!

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அவனுக்கு ஒரு வழி தெரிந்தது. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய ஓட்டல். அதன் பட்லர், எண்ணூர் உப்பங்கழி நண்டு தினமும் காலை ஏழு மணிக்குள் உயிரோடு வந்தால் வருஷம் பூராவும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். பஸ்ஸில் நண்டுக்கூடையை ஏற்ற மாட்டார்கள். சைக்கிள் மிதிக்கக் கால் இல்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தால் போதும், நீலமேகம் இனி எவன் கையிலும் காரப்பொடி வாங்க வேண்டாம். அடுத்த மாதம் முதல் தேதி ஆரம்பிக்க வேண்டும், தவறினால் வேறு ஆள்.

பட்டாளத்தார் கழித்துப் போட்ட வண்டிகளை வாங்கி ராயபுரத்தில் கொட்டகை போட்டு விற்றுக்கொண்டிருந்தார் மஜீது பாய். யோக்கியமான மனுஷன். விலை ஏறின பெரிய வண்டியைத் தலையில் கட்டப் பார்க்காமல் மூலையில் கிடந்த ஒரு சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏறிக் குந்து. ரெண்டு காலும் தரையிலே படுதா?"

"படுது பாய்."

"இப்போ கீழே சாச்சிட்டு, நீயே தூக்கு."

தூக்கினான்.

"அவ்ளோதான் நைனா. புதுசா ஓட்றவன் கண்டிப்பா விழுவான். விழுந்தா தானே தூக்கி நிறுத்தற வண்டியா வாங்கணும். கியரு பாரு, கையாலே போடலாம். உன் காலுக்கு வேலையே இல்லே."

கட்டுமரத்திலும் வலையிலும் இருந்த பங்கை விற்று நீலமேகம் அதை வாங்கினான். பாய் சொன்னது போலவே விழுந்தான், மூன்று தடவை. எல்லாம் ஒரே தப்பு. எதிரே மாடோ ஆளோ வந்து அவன் மிரண்டால் போதும், அவன் கை வண்டியின் கைப்பிடியைத் துடுப்பு என்று நினைத்துவிடும். துடுப்பை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். கைப்பிடியை அப்படித் தள்ளினால் வண்டி எதிரே வருகிறவன் மடியில் போய் விழும். பன்னிரண்டு வருஷப் பழக்கம் ஒரு வாரத்தில் போகுமா? விழுந்தான், மணலைத் தட்டினான், வண்டியைத் தூக்கினான், ஓட்டினான். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் கை திருந்தியிருக்கும். விட்டார்களா பாவிகள்?

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு இறங்கும் நாளில் பெண்டாட்டி பிறந்த வீட்டு ஆம்பிளைகள் ஏறி உட்கார வேண்டும். படகு ஆடாமல் நின்றால் வாங்கினவனுக்குக் கௌரவம். எடை உள்ள படகுதான் அலையில் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. மோட்டார் வண்டிக்கும் அதைச் செய்தே தீர வேண்டும் என்று அப்பாவு பிடிவாதம் பிடித்தான். கோயில் வாசலில் ஊரே கூடிவிட்டது. நீலமேகம் முன்னால், அப்பாவு பின்னால், அவன் பின்னால் இன்னும் இரண்டு தடியன்கள். பின்சக்கரம் மணலில் புதைந்தது, என்ஜின் இருமிவிட்டு நின்றது.

"இன்னா மாப்ளே, வண்டின்னு சொல்லிகினு ஆட்டுக்குட்டிய ஓட்டிகினு வந்துகீறே?"

சிரிப்பு. அதோடு விட்டானா? இறங்கி, வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கினான். நீலமேகம் மேலே உட்கார்ந்திருக்க, முன்சக்கரத்தின்மேல் தள்ளுவண்டி மாதிரி கடற்கரை முழுக்கத் தள்ளிக்கொண்டு ஓடினான். "காரப்பொடி, காரப்பொடி!" என்று கூவிக்கொண்டே ஓடினான். பொம்பிளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நீலமேகத்துக்கு அந்த நிமிஷமே செத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தால் மலர்க்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஊரே சிரிக்குது. நொண்டிக்கு ஏத்த வண்டிய பாத்து வாங்கிகினு வந்துகீறே, த்தூ!"

மறுநாள் சின்ன வண்டி பாய் கொட்டகைக்கே திரும்பியது.

"அந்தப் பெரிசைக் குடு பாய். எடை இருந்தாத்தான் அலையிலே நிக்கும்."

"ரோட்டிலே அலை எங்கேடா கீது? ஒரு ஆறு மாசம் இத்த ஓட்டு. அப்பாலே வா, நானே தரேன்." பாய் கெஞ்சினார். நீலமேகம் காதில் காரப்பொடிதான் கேட்டுக்கொண்டிருந்தது.

பெரிய வண்டி குப்பத்துக்குள் வந்தபோது மூன்று பேர் ஏறியும் அசையவில்லை. அப்பாவு முதுகில் தட்டினான். மலர்க்கொடி வண்டிக்குப் பூ வைத்தாள். அந்த ஒரு சாயங்காலம் நீலமேகம் ஆம்பிளையாக இருந்தான்.

முதல் தேதி விடிந்ததும் இரண்டு கூடை நண்டோடு கிளம்பினான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உப்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று சட்டென்று குறுக்கே திரும்பியது. கை துடுப்பைத் தள்ளியது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் மோதி வலது பக்கம் சாய்ந்த இரும்பு முழுக்க, அவனுக்கு மிச்சமிருந்த ஒரே நல்ல கால்மேல் விழுந்தது. தூக்க முடியுமா அதை? "ஐயோ, எடுங்கப்பா!" என்று கத்தினான். கூட்டம் ஓடிவந்தது, வந்து நண்டைப் பொறுக்கியது. கூடை உடைந்து நாலா பக்கமும் ஓடிய நண்டை வேட்டியிலும் முந்தானையிலும் அள்ளி முடித்த பிறகுதான் நாலு பேர் வண்டியில் கை வைத்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மஜீது பாய் வந்து கட்டிலருகே நின்று அழுதார். "அந்தச் சின்ன வண்டி இன்னும் கொட்டகையிலேதான் கீது நைனா. பாக்கவே முடியலே."

மறுநாள் அப்பாவு வந்தான், இரண்டு சாத்துக்குடியோடு. உட்கார்ந்தான், வெட்டின காலைப் பார்த்தான், உச்சுக் கொட்டினான்.

"கழியிலே நண்டு சும்மா கெடக்குது மாப்ளே. யாராச்சும் ஒருத்தன் கொண்டுபோய்த்தானே ஆவணும்? அந்தப் பட்லரு பேரு இன்னா?"

நீலமேகம் சொன்னான். மறைத்து என்ன செய்ய?

அப்பாவு பக்கத்துக் கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "பாய் கிட்ட அந்தக் குட்டி வண்டி இன்னும் கீதா? எனக்கும் ஓட்டத் தெரியாதில்லே... புதுசுக்கு அதானே தோது?"

நீலமேகத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர் பார்க்க அவனைத் தள்ளிக்கொண்டு ஓடியவன், தன் கால் என்று வந்ததும் சின்னதைக் கேட்கிறான்!

கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த மலர்க்கொடி தலை நிமிர்ந்தாள்.

"அத்த வித்துட்டாராம் அண்ணாத்தே. நேத்து பாயே வந்து சொல்லிட்டுப் போனாரு" என்றாள். "நம்ம பெரிய வண்டிக்கு ஒரு கீறலு கூட இல்லே. வூட்டாண்ட சும்மாதானே நிக்குது. அதையே எடுத்துக்கினு போ."