டோஃபுவின் எடை

முரளி ஐஸ் கட்டியைக் கடித்து மெல்லும் சத்தம் கேட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இப்போதும் சலவை அறைக்கு ஓடிவிடுகிறேன். அங்கே வாஷிங் மெஷினும் டிரையரும் இருக்கின்றன. டோஃபுவின் கூண்டு நின்ற இடத்தில் தரையில் நான்கு சிறு பள்ளங்கள். "நான்தான், நான்தான்" என்று என் கணவர் சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறார். நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

அந்தச் சத்தத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்தேன். டோஃபு தன் குட்டித் தூளியில் படுத்தபடி பல்லை நறநறவென்று கடித்தாள். கனவு காண்கிறாள் என்று நினைத்தேன். அதைப் பற்றி இரண்டு வரி எழுதியும் வைத்தேன். ஃபெரட் பல்லைக் கடித்தால் கனவு இல்லை, குமட்டல். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ஃபெரட் இருந்தால், என்னைப் போல உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்காதீர்கள். போன் செய்யுங்கள்.

பார்த்திராதவர்களுக்கு: ஒரு கீரிப்பிள்ளையை நீளமாக இழுத்து, வெள்ளையடித்து, உள்ளிருக்கும் எலும்பை உருவிவிட்டால் ஃபெரட். எங்கள் ஒரே மகள் நிலா பத்தாம் வகுப்பில் இருந்தபோது அடம்பிடித்து வாங்கினாள். சோயாப் பன்னீர் மாதிரி வெள்ளையாக, வழவழவென்று இருந்ததால் டோஃபு என்று பெயரும் வைத்தாள். முட்டைகூட நுழையாத வீட்டில், இறைச்சி தவிர எதையும் ஜீரணிக்கத் தெரியாத ஒரு ஜீவனுக்கு அந்தப் பெயர். தீனிப் பையில் கோழி என்று எழுதியிருந்ததை ஏதோ கம்பெனிப் பெயர் போலப் பாவித்துக் காலம் தள்ளினோம்.

ஆகஸ்டில் நிலா ஹூஸ்டனில் கல்லூரிக்குப் போனாள். விடுதியில் பிராணிகளுக்கு இடமில்லை. "மே வரைக்கும்தான் மா. ஜஸ்ட் கீப் ஹர் அலைவ்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நாங்களும் சிரித்தோம்.

நவம்பருக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. கழிவு பச்சையாக, கோழை கலந்து வந்தது. எழுநூற்று எண்பது கிராம் இருந்தவள் அறுநூற்றுப் பத்துக்கு இறங்கினாள். சமையலறைத் தராசில் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, அதற்குள் அவளைச் சுருட்டி வைத்து, அசைவதற்குள் எண்ணைப் படிக்க வேண்டும். கிண்ணத்தின் எடையைக் கழிக்க மறந்து ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தோம்.

டெக்சஸில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து நாற்பது நிமிட டிரைவில் இருந்தது அந்தக் கிளினிக். நாய், பூனை அல்லாத பிராணிகளுக்கு மட்டும். வரவேற்பறையில் ஒரு பல்லியும் அதன் அப்பாவும், ஒரு கிளியும் அதன் வக்கீல் மாதிரி ஒரு அம்மாளும் காத்திருந்தார்கள். "டோஃபு முரளிதரன்" என்று நர்ஸ் கூப்பிட்டாள். முரளி கோர்ட்டில் பெயர் கூப்பிட்டதுபோல் எழுந்து நின்றார். "என் குலப்பெருமை எங்கெங்கயோ போகுது பாரு" என்று என் காதில் சொன்னார்.

டாக்டர் ஹெய்டிக்கு அறுபது வயது இருக்கும். கௌபாய் பூட்ஸ், நிதானமான டெக்சஸ் பேச்சு. ஸ்கேனில் நிணநீர்க் கணுக்கள் (கிருமி வடிகட்டும் சிறு முடிச்சுகள்) வீங்கியிருந்தன. ஐ.பி.டி. (குடலின் உட்சுவர் தொடர்ந்து வீங்கிப் புண்ணாகும் நோய்) என்றார். முழுக்கக் குணமாகாது, அடக்கி வைக்கலாம். பிரெட்னிசலோன் (வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு) காலையும் மாலையும். உணவு கோழி மட்டும், வேகவைத்து, ஈரலோடு கூழாக அரைத்து, நாளைக்கு ஐந்து வேளை.

"ஐந்நூற்றைம்பது கிராமுக்குக் கீழே போனால் அவளால் தாங்க முடியாது" என்றார். "அப்போது நாம் வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கும்."

அந்த வேறு மாதிரிப் பேச்சு என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

கோழியைக் கையால் தொட்டதில்லை என்பதை எதிர்வீட்டுச் செல்வியிடம் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. செல்வி ஈரோட்டுக்காரர். அவர் வீட்டு வெங்காயத் தாளிப்பு வாசனை எங்கள் டிரைவ்வேயில் வந்து நிற்கும். அன்று மாலையே எங்கள் கராஜில் அவர் சமைக்கக் கேம்பிங் அடுப்பு வந்தது. என் பழைய மிக்ஸி, தன் கடைசிக் காலத்தில் மதம் மாறியது.

"உப்பு எத்தனைங்க்கா?"

"உப்பே கூடாது."

"மஞ்சத்தூளு?"

"கூடாது செல்வி."

"பாவமுங்க அது" என்றார் செல்வி. "சீக்கு வந்த உசுருக்கு வெறுந்தண்ணில வெந்ததக் குடுக்கறதா?"

மருந்து கசப்பு. டோஃபு அதை வாயில் சேமித்து வைத்து, முரளி ஆபீஸ் மீட்டிங்கில் வீடியோ போட்டதும் சட்டையில் துப்புவாள். கூழை மட்டும் நக்கினாள். மூன்று நாள் தேறுவாள், நான்காம் நாள் மறுபடி பச்சை. ஐந்நூற்றுத் தொண்ணூறு. ஐந்நூற்று எழுபத்தைந்து. நிலாவுக்கு வாரக் கடைசியில் வீடியோவில் காட்டும்போது, மெலிந்தது தெரியாமல் துண்டில் சுற்றிக் காட்டினேன்.

உள்ளே போவது, வெளியே வருவது எல்லாவற்றையும் இரண்டு வாரம் எழுதி வரச் சொன்னார் டாக்டர். எழுத்து எனக்குத் தெரிந்த வேலை. ஆசையாக எழுதினேன்.

டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். "'மழைக்கு முந்தைய குளத்துப் பாசி.' பச்சையா?"

"பச்சை."

"'நனைந்த அரிசி மாதிரிக் குறுணை, ஒரு மனக்குறையைப் போல.' இதில் அரிசி மட்டும் எனக்குப் போதும்." பக்கங்களைப் புரட்டினார். பிறகு மேஜைமேல் வைத்தார். "இதில் இல்லாத ஏதோ ஒன்று இவள் வயிற்றில் இருக்கிறது."

முரளி மேலே பார்த்தார். அங்கே ஆமையின் குடல் படம் ஒட்டியிருந்தது. அதை வெகு நேரம் வாசித்தார்.

"தயிர் சாதம்" என்றார் கடைசியில். "ஒரு நெல்லிக்கா அளவுதான். குழைய மசிச்சு."

"முரளி."

"வயிறு சரியில்லன்னா வேற என்ன உமா குடுப்பாங்க? எனக்கு டைஃபாய்டு வந்தப்போ அதான் காப்பாத்துச்சு."

அவரைக் கோபமாகப் பார்க்கத்தான் திரும்பினேன். ஆனால் டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பேச முடியாத நோயாளிகளையே பார்த்துப் பழகிய கண்.

"மோர்" என்றேன். "விரல் நுனியில். வேளைக்கு ஒரு தடவை. ரொம்ப நீர்த்தது."

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று தோன்றியது. செல்விக்கு போன் போட்டோம், ஸ்பீக்கரில்.

"செல்வி, கூழ்ல நீங்க எதுவும் போடலையே?"

கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடும் சத்தம். அது நின்றது. "மஞ்ச ஒரு சிட்டிகைங்க்கா. ஒரு நாலு சீரகம். பெருங்காயம் ஒரே ஒரு நாளுதானுங்க, அது ரொம்ப உப்புசமாத் தெரிஞ்சுது."

டாக்டருக்கு மொழிபெயர்த்தேன். அவர் வலது கையில் மூன்று விரல்களை மடக்கினார். "அரைக் கிலோ நோயாளி. என்னைச் சேர்க்காமல் மூன்று டாக்டர்கள்." பிறகு பொறுமையாகச் சொன்னார். அரிசியை உடைக்கும் சக்தி இந்தக் குடலுக்குக் கிடையாது. குட்டிப் பருவம் தாண்டினால் பாலும் தயிரும் ஏற்காது. புண்ணான சுவரில் சீரகம் உரசும். எங்களுக்கு மருந்தானது எதுவும் அவளுக்கு மருந்து இல்லை. கேஸ் தாளில், கொடுக்கக் கூடாதவை என்று சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு வரி எழுதினார். மருத்துவ வரலாற்றில் தயிர் சாதம் அந்த இடத்தில் இடம்பெற்றது அதுவே முதல் முறையாக இருக்கும்.

அன்று எடை ஐந்நூற்று ஐம்பத்திரண்டு.

பார்க்கிங்கில் காரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். டோஃபு என் மடியில், ஈரக் கைக்குட்டை மாதிரிக் கிடந்தாள்.

"நான் கொன்னுருப்பேன்" என்றார் முரளி.

"பாதி என் பங்கு."

"செல்விக்குக் கொஞ்சம் குடு."

சிரித்துவிட்டோம். பிறகு முரளி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் அவர் முதுகைத் தட்டினேன். மடியில் இருந்தவளைத் தட்டுகிற அதே அளவு மெதுவாகத்தான் தட்டினேன் என்பது பிறகு உறைத்தது.

இதே நோயோடு வீட்டில் ஒரு பிராணியை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒளித்துக் கொடுத்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். பாசத்தில் கொடுத்ததை முதலில் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் எடை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்நூற்று அறுபது. முரளி தராசை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கிண்ணத்தைக் கழித்தாயா என்று என்னை மூன்று முறை கேட்டார். பொங்கல் அன்று அவள் சலவைக் கூடையிலிருந்து என் காலுறை ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடினாள். உடம்பு தேறிய பிறகு வருகிற முதல் குணம் திருட்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பிப்ரவரியில் மருந்து பாதியானது. நின்றுவிடாது. ஸ்டீராய்டு கொடுக்கிற நாட்களைத் தானே ஒரு நாள் திருப்பிக் கேட்கும் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை.

இந்த மாதங்களில் எனக்கும் ஒரு வயிறு இருப்பதைக் கண்டுபிடித்தேன். என் வருடாந்திரச் செக்கப்பில், வயிறு எப்படி என்று டாக்டர் சம்பிரதாயமாகக் கேட்டார். நிறம், பதம், வேளை, உப்புசம் என்று நான் பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்கள் மருத்துவத் துறையா?"

"இல்லை. ஃபெரட் வைத்திருக்கிறேன்."

பாலையும் தயிரையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள், வயதாக ஆகச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். நாற்பத்தொன்பது வயதில் கேட்கிற செய்தியா இது. இரண்டு வாரத்தில் வயிறு அடங்கிவிட்டது. மனசு அடங்கவில்லை. முரளி துக்கம் விசாரிக்கிற முகத்தோடு எதிரில் உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டார்.

ஃபெரட் தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதை மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தால் நாட்களும் அந்த அளவுக்கு மடிந்துவிடுகின்றன. கோடைக்கு ஊருக்கு டிக்கெட் போடலாமா என்று முரளி கேட்டபோது, அவர் ஏதோ அடுத்த நூற்றாண்டைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றியது. கொடுத்த கூழுக்கும் வரப்போகும் கழிவுக்கும் நடுவில் இருந்த வெயில் மட்டும்தான் எனக்குத் தெரிந்த காலம். அதில் நன்றாகவே வாழ்ந்தேன்.

மே மாதம் நிலா வந்தாள். ஹூஸ்டனில் இன்டர்ன்ஷிப், பிராணிகளை அனுமதிக்கும் அபார்ட்மென்ட். டோஃபுவைத் தூக்கியவள், "ஷி'ஸ் ஸோ லைட், மா" என்றாள். அறுநூற்று எண்பது. எங்களுக்கு அது யானை.

கிளம்புகிற காலை செல்வி ஐஸ் பெட்டியோடு வந்தார். உறைய வைத்த கூழ், நாற்பது பொட்டலம். "அடியில ஒரு டப்பா உனக்குக் கண்ணு, சிக்கன் பிரியாணி. மாத்தி அதுக்கு எடுத்துக் குடுத்துறாத." நிலா என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன். அவள் வெளியில் கறி சாப்பிடுவது எங்களுக்கு மூன்று வருடமாகத் தெரியும். முரளி பெட்டியை வாங்கிப் பின் சீட்டில் வைத்து, டோஃபுவின் கூடைக்கு சீட் பெல்ட் போட்டு, இழுத்துப் பார்த்தார்.

நிலா கண்ணாடியை இறக்கினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் எவ்வளவு நாள் இருப்பாள் என்று டாக்டர் சொன்னாரா என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.

"காலைல எந்திரிச்சதும் எடை பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு" என்றேன்.

"தென்?"

"மறுநாளும் பாரு."