பரீட்சைக்கு வந்த கவிதா

மெஷின் ஆயில் வாசனையோடு முந்தின நாள் பிரியாணி வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும்... அண்ணனூரில் நான் வேலை பார்த்த தையல் பயிற்சி ஹாலில் திங்கட்கிழமை காலை அப்படித்தான் இருக்கும். சர்ச்சுக்குச் சொந்தமான ஹால். ஞாயிறு என்றால் கல்யாண ரிசப்ஷன், மற்ற நாட்களில் எங்கள் வகுப்பு.

ஏழெட்டு வருஷம் இருக்கும். விருதுநகர் பக்கத்திலிருந்து நான் இங்கே வந்த புதிது. கஷ்டப்படுகிற குடும்பத்துப் பெண்களுக்கு மூன்று மாதம் பவர் மெஷின் பயிற்சி. பாஸானால் அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நேரடி வேலை. நான்தான் டீச்சர். முதல் வேலை என்பதால் மிதப்பு கொஞ்சம் அதிகம்.

என்னிடம் கொடுத்த பட்டியலில் பெயர் மட்டும்தான். போட்டோ, வயது, சர்டிஃபிகேட் எல்லாம் ஹெட் ஆபீஸில். முதல் நாள் "கவிதா" என்று கூப்பிட்டேன். ஒல்லியாக ஒருவர் எழுந்து "கீறேன் மிஸ்" என்றார். "உள்ளேன்" கேட்டே பழகிய எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வயது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு சரி.

பவர் மெஷின் புதிதாக வருகிறவர்களை அழ வைத்துவிடும். பெடலில் கால் பட்டாலே சீறிக்கொண்டு ஓடும். அதனால் முதல் வாரம் நூல் கோக்காமல், கோடு போட்ட பேப்பரில்தான் ஓட்டச் சொல்வோம். எல்லோரும் கோட்டை விட்டுத் தறிகெட்டு ஓட, கவிதா மூன்றாம் நாளே கோட்டின் மேலேயே ஊசியை நடத்தினார். ஓட்டி முடித்த பேப்பர்களை "எடுத்துகினு போறேன் மிஸ்" என்று தினமும் மடித்துப் பையில் வைப்பார். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும்போல, கிறுக்க எடுத்துப்போகிறார் என்று நினைத்தேன். மழையில் வாசலில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளில்கூடப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். டவுட் கேட்பதிலும் அவர்தான் முதல் ஆள். அதுவும் ஒரே டவுட்டை மூன்று தடவை. எனக்கு எரிச்சல்கூட வந்திருக்கிறது.

பரீட்சை நாள் வந்தது. வெளியிலிருந்து ஒரு சார் வந்து, ஆதார் கார்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"கவிதா."

எழுந்து வந்தது ஒரு சின்னப் பெண். இருபதைத் தாண்டியிருக்காது. காதை மறைத்து ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

சார் கார்டைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், தலையாட்டுகிறார். போட்டோ பொருந்துகிறது! வகுப்பைத் திரும்பிப் பார்த்தேன். பதினெட்டு பேரும் என் கண்ணைப் பார்க்காமல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று மாதமாக எல்லோரும் அவரை "அக்கா" என்று மட்டுமே கூப்பிட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெளியே ஓடினேன். கேட் ஓரத்தில் என்னுடைய கவிதா, கையில் ஒரு கைக்குழந்தையோடு.

"கோச்சிக்காதீங்கோ மிஸ். உள்ள கீறாளே, அவதான் கவிதா. என் பொண்ணு. கிளாஸ் ஆரம்பிக்க சொல்லோ அவளுக்கு நெற மாசம். கட்னவன் உட்டுட்டு பூட்டான். இந்த வேலயும் இல்லன்னா இன்னா பண்ணுவா? வரலன்னா சீட்ட வேற ஆளுக்கு குடுத்துருவோம்னாங்கோ. அதான் நான் வந்து குந்திகினேன்."

"நீங்களே சேர்ந்திருக்கலாமேக்கா..."

"முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாங்களாமே. எனக்கு தாண்டிட்ச்சு. படிப்பும் அஞ்சாவதுதான்."

எனக்கு வந்தது கோபமா பயமா என்றே தெரியவில்லை. "அவ மெஷினைத் தொட்டதே இல்லையே, எப்படி ஓட்டுவா?"

"ஊட்ல நான் தரையில குந்திகினு, என் உள்ளங்கை மேல அவ கால வெக்க சொல்வேன் மிஸ். இவ்ளோ அமுக்குனா மெதுவா போவும், இவ்ளோ அமுக்குனா ஓடிப்பூடும்னு சொல்வேன். தெனமும். மேல அந்த பேப்பர வெச்சி தள்ளிகினே இருப்பா."

அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போனபோது சார் அட்டெண்டன்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இந்தப் பொண்ணு ரெகுலரா வந்துச்சா மேடம்?"

உண்மையைச் சொன்னால் அவள் வேலை போச்சு. மறைத்து மாட்டினால் என் வேலை போச்சு.

"கவிதா ஒரு நாள்கூட லீவ் போடலை சார்."

அவள் உட்கார்ந்தாள். சட்டைப் பாக்கெட் ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். பக்கத்து மெஷின்காரி முன்பே நூல் கோத்து வைத்திருந்தாள். கால் பெடலுக்குப் போனது. இப்போது சீறும், துணியை இழுத்துக்கொண்டு போகும், கதை முடிந்தது...

சீறவில்லை.

டக்... டக்... டக் என்று ஒவ்வொரு தையலாக ஊசி இறங்கியது. மூலையில் நின்றது, திரும்பியது, மறுபடி நடந்தது. கண்ணால் பார்த்தும் என்னால் நம்ப முடியவில்லை. பாக்கெட் கொஞ்சம் கோணல்தான். ஆனால் பாஸ்.

சார் போன பிறகு அம்மா உள்ளே வந்து குழந்தையை மகளிடம் கொடுத்தார். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், மூன்று மாதம் தான் உட்கார்ந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைலேர்ந்து நான் வர வேணாம்ல மிஸ்?"

வகுப்பிலேயே நன்றாகத் தைக்கத் தெரிந்தவர் அவர்தான். அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

இப்போதும் இதே வேலைதான் பார்க்கிறேன், பூந்தமல்லி பக்கம். ஏசி ஹால், புது மெஷின்கள். காலையில் போனில் முகத்தைக் காட்டினால்தான் அட்டெண்டன்ஸ் விழும். யாரும் யாருக்காகவும் வந்து உட்கார முடியாது. நல்ல சிஸ்டம் என்று மீட்டிங்கில் நானே பேசியிருக்கிறேன்...

போன வாரம் ஆவடி மார்க்கெட்டில் கவிதாவைப் பார்த்தேன். அதே கம்பெனியில் இப்போது சூப்பர்வைசர். "அம்மாகிட்ட ஒரு தபா பேசுங்க மிஸ், ரொம்ப சந்தோசப்படும்" என்று நம்பர் கொடுத்தாள். பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

நம்பரைப் போனில் அடித்துவிட்டு, பெயர் போடப் போன இடத்தில் திக்கென்று நின்றேன். மூன்று மாதம், தினமும் காலையில் அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் பெயர் என்ன என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.