மூன்று பெருக்கல் குறிகள்

கொத்தமங்கலத்தை விட்டு அரை மைல் நடந்த பிறகுதான் என் காக்கிச் சட்டையின் தோள் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். ஊர்க் காவல்காரர் பிடித்து இழுத்த இடம். கழுத்துத் துணியைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டேன். சாரணப் பையன்களைப் பள்ளி டிரில் மாஸ்டர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டார். "நீ கொஞ்சம் பின்னாடி நடந்து வா" என்று என்னிடம் சொல்லியிருந்தார். எதற்காக என்று சொல்லவில்லை.

ஆறாம் வகுப்பில் சாரணர் படையில் சேர்ந்தவன் நான். சட்டை இலவசமாகத் தருவார்கள் என்று நினைத்துச் சேர்ந்தேன், தரவில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டேன். மதுரையில் ஓட்டலில் மேசை துடைத்து, திருச்சியில் லாரி கழுவி, ரயில்வே ஸ்டேஷன்களில் படுத்து எழுந்து, இருபத்திரண்டு வயதில் காரைக்குடிக்குத் திரும்பியபோது பாடம் ஒன்றும் நினைவில் இல்லை. படையில் கற்றது மட்டும் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் பழைய பள்ளி மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். காகிதத்தில் படைத் தலைவர் டிரில் மாஸ்டர். பையன்களைப் பழக்கியது நான்.

அடுத்த மாதம் தலைவர்களுக்கான பயிற்சி முகாம். போய் வந்தால் நானே ஒரு படை நடத்தலாம். எட்டாவது படித்தவனையும் சேர்த்துக்கொள்வார்கள். டிரில் மாஸ்டரின் கையெழுத்து வேண்டும். மூன்று வாரமாக அவர், "போடலாம், போடலாம்" என்றார். நான் போய்விட்டால் அவருக்கு வேலை செய்ய ஆள் இல்லை. வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

அன்று கொத்தமங்கலத்தில் தடம் பார்க்கும் பயிற்சி. ஒருவன் முன்னால் போய்க் குறி போட்டுக்கொண்டே போவான். மற்றவர்கள் குறியைப் பார்த்துத் தேடி வர வேண்டும். அம்புக்குறி என்றால் இந்த வழி. பெருக்கல் குறி என்றால் இந்த வழி இல்லை. வட்டத்துக்குள் புள்ளி, வீட்டுக்குப் போய்விட்டேன், தேடாதே. காட்டில் கல்லும் குச்சியும் வைத்துப் போடுவோம். தெருவில் கல்லை யாராவது எட்டி உதைத்துவிடுவார்கள் என்று சாக்பீஸ் எடுத்துப்போனேன். ஊரில் முன்கூட்டியே சொல்லிவைப்பதாக டிரில் மாஸ்டர் ஒத்துக்கொண்டிருந்தார்.

அங்கே வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, சொந்தக்காரர்கள் மெட்ராஸில். அவற்றை ஒட்டிய சந்துகள் அடைத்திருந்ததால் மூன்று வீட்டுச் சுவரில் பெருக்கல் குறி போட்டேன். கடைசி வீட்டின் பின்சுவரில் வட்டம் போடும்போது பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது.

"யார்ரா நீ? இங்குட்டு என்ன சோலி?" என்றார் காவல்காரர்.

"ஸ்கவுட்டு. பையங்க பின்னாடி வர்றாங்க."

"ஓ, கூட்டத்தோடதான் வந்திருக்கியா? பூட்டுன வீடாப் பாத்துப் பெருக்கல் போட்டிருக்க. இது என்ன வட்டம்?"

"வீட்டுக்குப் போயிட்டேன்னு அர்த்தம்."

"யாரு வீட்டுக்கு?"

அதற்குள் கூடிவிட்டவர்கள் சிரித்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒரு அம்மாள், "களவாங்க வந்தவன் சொவத்துல எழுதிவச்சிட்டா வருவான்? விடுங்கப்பா" என்றாள். "ஒனக்கென்னத்தா, பதில் சொல்லப்போறது நாந்தானே" என்றார் காவல்காரர்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பத்து வருஷம் கழித்து வேறு ஊர்களில் நான் படை நடத்தியபோது எந்தப் பையனையும் சுவரைத் தொட விட்டதில்லை.

பையன்கள் குறி பார்த்துச் சரியாக வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே டிரில் மாஸ்டர்.

"சார், இந்த ஆளத் தெரியுமா? நீங்க ஒரு வார்த்த சொன்னீகன்னா விட்டுர்றேன்" என்றார் காவல்காரர்.

டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "எங்க ஸ்கூல்ல முன்னாடி படிச்சவன். இப்ப எங்க இருக்கான், என்ன செய்றான்னு எனக்குத் தெரியாது. பையங்க நம்ம பையங்க."

பொய் ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் விட்டுவிட்டார். ஊரில் சொல்லிவைத்தாரா, மறந்தாரா, மறந்ததுபோல் இருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஈரத்துணி வாங்கி மூன்று குறிகளையும் வட்டத்தையும் நானே துடைத்தேன். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் காவல்காரர் என்னை விட்டார். பஸ் ஏறுமுன் டிரில் மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "காலைல ஒம்பது மணிக்கு ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார்.

வழியெல்லாம் அதையேதான் யோசித்தேன். மூன்று வாரமாக மைதானத்தில் போடாத கையெழுத்து. அதற்கு எதற்கு ஹெட்மாஸ்டர் ரூம்? அங்கே வேறு யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஸ்டேஷனில் சொல்லப்போவதாகக் காவல்காரர் சொன்னது காதிலேயே இருந்தது. நல்ல மனதோடும் கூப்பிட்டிருக்கலாம். பொழுது சாயக் காரைக்குடி வந்து சேரும்போது போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஓர் அரிசி ஆலை வாசலில் நின்றேன்.

"முன்னாடி எங்க வேல பாத்த?" என்றார் மேஸ்திரி.

"எங்கயும் நெலையா இல்ல."

"அது மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. செருப்பக் கழட்டு."

ஒன்பது மணிக்கு, களத்தில் பரப்பியிருந்த அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தேன். சூடு உள்ளங்காலில் ஏறியது. காலைத் தூக்காமல் தேய்த்து நட என்றார் மேஸ்திரி. அப்படியே நடந்தேன்.