முத்தியால்பேட்டையில் ஒரு ரோமானியச் சக்கரவர்த்தி

முத்தியால்பேட்டையில் என் வாடகை ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துச் சிற்பக்கூட வாசலில், சிமெண்டில் செய்த ரோமானியச் சக்கரவர்த்தி ஒருவர் வலக்கையை நீட்டியபடி நிற்கிறார். அங்கியின் மடிப்பெல்லாம் அருமை. தலைதான் இல்லை. கழுத்துக் குழிக்குள் மழை இறங்காமலிருக்கப் பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்திருக்கிறார்கள்.

"தலை எங்கங்க?" என்று சிற்பியைக் கேட்கிறேன்.

"உள்ள ரெண்டு இருக்குதுங்க. ரெட்டியார்பாளையத்துல அண்ணன் தம்பி சேந்து வூடு கட்டிருக்காங்க, அது வாசல்ல நிறுத்தத்தான். ஆறு மாசம் அண்ணன் தலை, ஆறு மாசம் தம்பி தலை. கழட்டி மாட்டிக்கலாம்."

ரோமிலும் ஆட்சி மாறினால் சிலையின் தலையை மட்டும் மாற்றியதுண்டு என்று என் படிப்பைக் காட்டுகிறேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்து இறங்குகிறார்கள். நாளைக்குக் கிரகப்பிரவேசம். முதலில் யார் தலை என்று தெருவே கேட்கச் சண்டை. சிற்பி என்னைக் கைகாட்டுகிறார்: "சாருக்கு ரோம் வழக்கமெல்லாம் அத்துப்படி. அவரே சொல்லட்டும்."

யாரைச் சொன்னாலும் மற்றவர் அடிப்பார் போலிருக்கிறது. நல்லவேளை, பைக்கில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காய் கண்ணில் படுகிறது: முட்டைக்கண், முறுக்கு மீசை, நீட்டிய நாக்கு.

"நாளைக்கு மட்டும் இதை வைங்களேன்."

குடத்தை எடுத்துவிட்டு வைக்கிறார்கள். கனகச்சிதமாக உட்காருகிறது.

அண்ணன் என் காதருகே குனிகிறார். "இருக்கட்டும் சார். அப்படியே என் தம்பி மூஞ்சி."

வண்டியைக் கிளப்பும்போது தம்பி ஓடிவருகிறார். "சூப்பர் சார்! அச்சு அசல் எங்க அண்ணன்!"